தேக்குக் கதவும் துலூஸ் பூட்டும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் பிறந்த வீட்டில்தான் இப்போதும் குடியிருக்கிறேன். ஆனால் தெருவுக்கு நான் 'மதாம்', பிரெஞ்சுக்கார அம்மா. நடுவில் இருபத்தெட்டு வருஷம் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் இருந்துவிட்டேன் அல்லவா, அந்தக் குற்றத்துக்குத் தண்டனை இது. கொலெத் என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது, வாயில் இருப்பதோ இதே ஊர்த் தமிழ். இருந்தும் கீரை வாங்கப் போனால், மதாமுக்கு நல்ல கட்டாகப் பார்த்துக் கொடு என்று பக்கத்துக் கடைக்காரர் சிபாரிசு செய்கிறார்.

கணவர் லூயி இறந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. தண்ணீர் மோட்டார் நாலு தடவை எரிந்தது. விசா ஆபீஸில் என் கைரேகையே விழவில்லை என்றார்கள். அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது தெருவின் கேள்விகள். கதவில் பூட்டுத் தொங்கினால் போதும், திரும்பி வரும்போது எங்கே போனீர்கள், யார் வீட்டுக்கு, ஏன் இவ்வளவு நேரம் என்று ஆளாளுக்கு விசாரணை. எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அரிகிருஷ்ணன், நான் எத்தனை மணிக்குப் பூட்டினேன், எத்தனை மணிக்குத் திறந்தேன் என்று என்னிடமே ஒப்பிப்பார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் துலூஸிலிருந்து, கதவுக்குள்ளேயே பதிகிற பூட்டு ஒன்றை வரவழைத்து மாட்டினேன். வெளியே தொங்க ஒன்றுமில்லை. நான் உள்ளே இருக்கிறேனா, ஊர் சுற்றுகிறேனா என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அந்த மாதம் முழுக்க எனக்கு அப்படியொரு நிம்மதி.

அப்போதுதான் ஸ்டெஃபனி வந்தாள். என் ஒரே மகள். நாலு நாள் லீவில், என்னைத் திரும்பக் கூட்டிப்போகிற முடிவோடு வந்திருந்தாள். துலூஸில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்து வைத்தாகிவிட்டது. நான் சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. கொசுவுக்குப் பயந்து கடற்கரைப் பக்கம் ஓட்டலில் தங்கினாலும், முதல் நாள் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்ரூம்ல நீ விழுந்துட்டேன்னு வை. யாருக்கு மம்மா தெரியும்?"

விழமாட்டேன் என்றேன். அது பதில் இல்லை என்றாள். பதில் இல்லைதான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டினால் வாயடைத்துப்போவாள் என்று நினைத்தேன். தினமும் காலையில் கடற்கரையில் நடக்கிறேன் என்று போனில் வேறு அளந்து வைத்திருந்தேன். உண்மையில் ஊருக்கும் கடற்கரைத் தெருக்களுக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் எட்டு மாதம் இருக்கும். மார்க்கெட், மாதா கோயில், வீடு, இவ்வளவுதான் என் புதுச்சேரி. நாளைக்கு உனக்கு எல்லாம் காட்டுகிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் என் போன் ஏழு தடவை அடித்துவிட்டது. கோயில் பாடகர் குழு, சிலிண்டர் ஆள், நாளைக்கு என்ன மீன் வேண்டும் என்று பிள்ளைச்சாவடியிலிருந்து மீன்கார மணியம்மாள். ஸ்டெஃபனிக்குப் பொறுக்கவில்லை. நாளை ஒரு நாளாவது அந்தச் சனியனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றாள். வைத்துவிட்டுத்தான் போனேன், சார்ஜில் போட்டு.

மறுநாள் திங்கட்கிழமை, விடிவதற்கு முன்பே, தெரு எழுந்திருக்கும் முன் கிளம்பிவிட்டேன். சூரியோதயம் காட்டவேண்டுமே. சூரியன் மேகத்துக்குப் பின்னாலேயே உதித்து, பின்னாலேயே உயரப் போய்விட்டது. காபிக் கடையில் க்ருவாசான் வாங்கிக் கொடுத்தேன். இது பன்னு மம்மா என்றாள். மஞ்சள் சுவர்த் தெருக்களில் வாசலுக்கு வாசல் கல்யாண ஜோடிகள் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போட்டோக்காரர் என்னைப் படத்திலிருந்து நகரச் சொன்னார், இரண்டு தடவை. மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஊர்க்காரி என்று காட்டக் குறுக்குவழியில் கூட்டிப்போனேன், அதே நீல வாசலுக்கு மூன்று தடவை வந்து சேர்ந்தோம். மூன்றாவது தடவை ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, 'சிட்டி டூர், மேடம்?' என்று கேட்டார். நான் இதே ஊர்தான் என்று தமிழில் எரிந்து விழுந்தேன். அவர் நம்பவில்லை.

ஸ்டெஃபனி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இங்கயும் உன்ன யாருக்கும் தெரியல மம்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வெயில் ஏறிவிட்டது, முழங்கால் வலித்தது, போன கோயிலும் மதியத்துக்குச் சாத்தியிருந்தது. படியில் உட்கார்ந்து, இன்றைக்கு ராத்திரியே உனக்கு டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று ஸ்டெஃபனி கேட்டாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் முக்கால்வாசி சம்மதம் என்பது அவளுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தால் என் வாசலில் கூட்டம். அறுபது வருஷத்துக்கு முன் அப்பா போட்ட தேக்குக் கதவு, மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. துலூஸ் பூட்டு மட்டும் கீறல்கூட இல்லாமல் ஒரு பாதியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கடப்பாரையோடு நின்ற அரிகிருஷ்ணன், பூட்டு நல்ல பூட்டுதான் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

படியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த மணியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க போயித் தொலைஞ்ச நீ? ஒம்பது மணிக்குத் தட்னேன். பத்து மணிக்குத் தட்னேன். உள்ள போன் அடிச்சிக்கினே கெடக்குது, நீ எடுக்கல. வெளிய பூட்டும் தொங்கல. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

யாரைக் கேட்டு என் கதவை உடைத்தீர்கள் என்று கத்தினேன். உள்ளே விழுந்து கிடக்கிறவளைக் கேட்டுவிட்டு உடைக்கவேண்டுமா என்று அவளும் கத்தினாள். நான் அப்பாவின் கதவைச் சொன்னேன், அவள் தன் பயத்தைச் சொன்னாள், தெரு மொத்தமும் அவள் பக்கம் நின்றது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெஃபனி எங்கள் சண்டையைக் கவனிக்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் உருகி ஓடியிருந்தது, சங்கரா மீன் ஒன்றுகூடக் குறையவில்லை. உடைத்த வீட்டைத் திறந்துபோட்டுப் போக மனமில்லாமல், மணியம்மாள் அன்றைக்கு வேறு எந்தத் தெருவுக்கும் போகவில்லை. எத்தனை மணிக்கு உடைத்தீர்கள் என்று ஸ்டெஃபனி மெதுவாகக் கேட்டாள்.

"பத்தரைக்கு" என்றாள் மணியம்மாள். "சீக்கிரமே ஒடச்சிருக்கணும்."

அதற்குப் பிறகு ஸ்டெஃபனி டிக்கெட் பேச்சை எடுக்கவே இல்லை. கூடையிலிருந்த மீனைத் தெருவில் வீட்டுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார்கள். நான் தலைவலியோடு படுத்துவிட்டேன். எழுந்து வந்தபோது தச்சர் பலகை வைத்துக் கதவைச் சேர்த்து, வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொண்டி அடித்திருந்தார். ஸ்டெஃபனி அதில் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அரிசி குடோனுக்குப் போடுகிற அளவுப் பூட்டு. இவ்வளவு பெரிசா எதற்கு, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், போய் மாற்றிக்கொண்டு வா என்றேன்.

அவள் தெருமுனை வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று, திரும்பி, என் கதவில் தொங்கும் பூட்டைப் பார்த்தாள். பிறகு அரிகிருஷ்ணன் வண்டியைத் தாண்டி நிதானமாக நடந்து வந்தாள்.

"தெரியுது மம்மா" என்றாள். "முனையிலேந்தே தெரியுது."