மேட்டுக் கோயிலில் ஒரு பெயர்ச் சண்டை

பாய்மரப் படகைத் துறையில் கட்டியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிரேக்க நாட்டின் பிரேயுஸ் துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்தக் குட்டித் தீவை இதுவரை பார்த்ததில்லை! ஆள் அரவமே இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு மீன்பிடிப் படகு. அதில் நீலச் சாயத்தில் 'கலீனி' என்று எழுதியிருந்தது. அலையில்லாத கடலுக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. தொட்டுப் பார்த்தேன், விரலில் சாயம் ஒட்டியது.

"மேட்டுக் கோயிலுக்கு யார் கடைசியா வர்றாங்களோ, அவங்கதான் இன்னிக்குப் பாத்திரம் கழுவணும்," என்றேன் என் கணவன் லெஃப்தெரிஸிடம்.

"இந்த வெயில்லயா? கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"தோக்கப் போறவன் பேசுற பேச்சு!" என்று ஓட்டம் பிடித்தேன்.

காட்டு அத்தி, ஆட்டு மந்தை, இடிந்த காற்றாலை எல்லாவற்றையும் தாண்டி மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தால், கோயில் வாசலில் ஒரு கூட்டம்!

"வந்தாச்சு! ஞானத்தாய் வந்தாச்சு!" என்று பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஞானஸ்நானம் வாங்கினவதானே?"

"பிரேயுஸ்ல, ஊரே கேக்கிற மாதிரி கத்தி வாங்கினேன் சாமி. என்ன விஷயம்?"

"பாப்பாவுக்கு எட்டு மாசமாகுது, இன்னும் பேரில்லை. ரெண்டு தாத்தாவும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்க. கடல்லேர்ந்து முதல்ல ஏறி வர்றவங்கதான் ஞானஸ்நானத்துல பிள்ளைக்குத் துணை நிக்கணும், அவங்க சொல்றதுதான் பேருன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு தாத்தா என் காதைக் கடித்தார். "அசிமினான்னு சொல்லும்மா. நான் அசிமாக்கிஸ், என் பேருதான்."

மற்றவர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான் கிரியாக்கோஸ். கிரியாகுலான்னு சொல்லு தாயி. அந்தாளு பேரை வெச்சா பிள்ளையும் அவனை மாதிரியே குறட்டை விடும்!"

குழந்தையின் தாய் கல்லிரோயி மதிலோரம் தனியாக நின்றாள். பெயர் சொல்லி முடியும்வரை தாய் உள்ளே வரக் கூடாதென்பது வழக்கம். எனக்குக் கோபம் வந்தது.

"நீ என்ன பேரும்மா நினைச்சிருக்கே?"

"என்னை யாரு கேட்டாங்கக்கா?" என்று கண்ணைத் துடைத்தாள். அவள் நகத்திலெல்லாம் நீலச் சாயம்! என் விரலைப் பார்த்தேன். அதே நீலம். நான் பார்ப்பதைக் கண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

உள்ளே ஓடினேன்.

"பேரு?" என்றார் பாதிரியார்.

"கலீனி!"

"அப்படி ஒரு புனிதரே கிடையாது, பேரு செல்லாது!" இரண்டு கிழவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நான் பாதிரியாரின் முகத்தையே பார்த்தேன். தாடியைத் தடவினார், யோசித்தார்.

"இருக்காங்கய்யா. ஏப்ரல்ல திருநாள். அட, எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒத்துப் போயிருக்கீங்க!" என்று குழந்தையைத் தண்ணீரில் முக்கினார். அது போட்ட கூச்சலில் கோயிலே அதிர்ந்தது.

அப்போதுதான் லெஃப்தெரிஸ் வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றான்.

"நிக்காதே! வெளியே இருக்கிற அம்மாகிட்ட பேரைச் சொல்லு, ஓடு!" என்று கத்தினேன்.

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஓடினான். "கலீனி!" என்ற அவன் குரல் கேட்டது. அடுத்த நொடியே கல்லிரோயி உள்ளே பாய்ந்து வந்து ஈரக் குழந்தையை அள்ளிக்கொண்டாள்.

"கலீனி! கலீனி!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பிள்ளைக்குத்தான் வைக்க முடியலை, படகுக்காவது இருக்கட்டும்னு காலையில எழுதினேன்க்கா."