காற்றும் மஞ்சள் கருவும்

மணவாழ்க்கை சரிவராமல் தங்கை திரும்பி வந்தபோது, கூடவே ஒரு இயந்திரமும் வந்தது. பீரோவைக் குட்டையாக வெட்டியது போலிருந்த அதை நான்கு பேர் லாரியிலிருந்து இறக்கி, அக்காவின் ஐஸ்கிரீம் கடை வாசலில் வைத்தார்கள். அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"துணிமணியெல்லாம் எங்கடி?"

தங்கை தோளில் கிடந்த பையைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ள அடங்கிடுச்சு. மத்ததெல்லாம் இதை வாங்கவே சரியாப் போச்சு."

வேறு எதையும் அக்கா கேட்கவில்லை. அவள் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். வீட்டில் இடம் இருந்தது, கடையிலும் ஒரு மூலை காலியாக இருந்தது. குளிர்பானப் பெட்டியை நகர்த்தி இயந்திரத்துக்கு வழிவிட்டாள்.

தங்கை கல்யாணமாகிப் போன ஊரில், ஃப்ரோசன் கஸ்டர்ட், அதாவது உறையவைத்த கஸ்டர்ட் விற்கும் கடையில் வேலை பார்த்தாள். பொடியைக் கரைத்துக் காய்ச்சும் கஸ்டர்ட் அல்ல இது. பாலும் கிரீமும் சர்க்கரையும் அடுப்பில் சூடேற, முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும். தீ ஒரு துளி கூடினாலும் திரிந்துபோகும். ஆறவைத்து இயந்திரத்தில் ஊற்றினால், மறுமுனையில் மஞ்சள் பூத்த பட்டுத்துணி மடிவது போல மெல்ல வழியும்.

முதல் நாள் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். வழிந்து முடிந்ததும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அவ்வளவு பாலுக்கு இவ்வளவுதானா? என் மெஷின்ல போட்டா பொங்கிட்டு வந்திருக்குமே."

"பொங்கினது பால் இல்லக்கா, காத்து. உன் மெஷின் அடிச்சு அடிச்சுக் காத்தை ஏத்தும். இதுல காத்து கம்மி. அதான் கெட்டியா இருக்கு."

"அப்போ இத்தனை வருஷமா நான் காத்தையா வித்தேன்?"

"காத்தும் பாலும்" என்றாள் தங்கை. சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கடைக்கு வருபவர்கள் என்ன புதிது என்று கேட்டால் அக்காவின் பதில் ஒன்றுதான். "தங்கச்சியும் ஐஸ்கிரீம் போடுறா. ரெண்டும் ஒண்ணுதான், எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க." அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்குள் உன்னுடையது என்னுடையது என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? தங்கை ஒரு சிறிய பலகை எழுதி மாட்டியபோது, "எதுக்குடி இது, வந்தவங்க குழம்பிடுவாங்க" என்று கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஒருமுறை, மீந்த கஸ்டர்டை வீணாக்கக் கூடாதென்று தன் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் அது பாறையாக இருந்தது. கரண்டிதான் வளைந்தது.

"இதுக்கு அவ்வளவு குளிர் ஆகாதுக்கா. அன்னன்னைக்குப் போட்டு அன்னன்னைக்குக் கொடுத்துடணும்" என்றாள் தங்கை.

"ரொம்பத்தான் செல்லம் கேட்குது உன் ஐஸ்கிரீம்."

"ஐஸ்கிரீம் இல்லக்கா" என்று சொல்லத் தொடங்கிய தங்கை, பாதியில் விட்டுவிட்டு வளைந்த கரண்டியைக் கழுவப் போனாள்.

எதிர்க்கடையில் ஒரு தையல்காரர் இருந்தார். ஆளும் ஒல்லி, தொழிலும் தையல், ஆகவே தெருவுக்கே அவர் ஊசி. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாலையைக் கடந்து வருவார், ஒரு கிண்ணம் வெனிலா வாங்கி நின்றபடியே சாப்பிடுவார், வாயைத் துடைத்துக்கொண்டு போவார். கடை திறந்த புதிதில், "இதுல முட்டை இருக்கா?" என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தார். இல்லை என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, அவளுக்கும் அது நினைவில் நிற்கவில்லை.

நல்ல வெயில் நாள் அது. வெனிலா முழுக்கத் தீர்ந்திருந்தது. தங்கை பால் வாங்கப் போயிருந்தாள். ஊசி வந்து நின்றார்.

"வெனிலா காலிண்ணே. தங்கச்சி போட்டது இருக்கு, தரட்டுமா? ரெண்டும் ஒண்ணுதான்."

"கொடும்மா."

முதல் வாயிலேயே அவர் புருவம் உயர்ந்தது. "என்னம்மா இது, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. பல்லும் கூசல." இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு உதட்டைத் தடவினார். கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இதுல முட்டை ஏதும் சேர்ந்திருக்கா?"

அக்காவுக்கு அப்போதுதான் மஞ்சள் கரு நினைவுக்கு வந்தது. அவர் உதடு தடித்துக்கொண்டே வந்தது, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஏறியது. அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு, வந்த ஆட்டோவை மறித்து அவரை ஏற்றினாள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "மூச்சு நல்லா வருது. நீ பதறாத."

மருத்துவமனையில் உடனே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது. செய்தி கேட்டுத் தங்கை ஓடிவந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஊர்த் துணியெல்லாம் குத்தினதுக்கு இன்னைக்கு எனக்குத் திருப்பிக் குத்திட்டாங்க" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து, "அட, நல்லாயிருக்கேன்மா. மாலை வரைக்கும் இங்கேயே இருக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். ரெண்டு பேரும் கடையைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார்.

கடைக்குத் திரும்பியபோது, அவர் வைத்துவிட்டுப் போன கிண்ணம் மேசையிலேயே உருகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டுடி."

"திட்ட என்ன இருக்கு? தெரிஞ்சா கொடுத்த?" தங்கை கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். "நீ ஒண்ணுதான்னு சொல்றது பாசத்துலதான், எனக்குத் தெரியும். ஆனா புகுந்த வீட்டுலயும் நான் என்ன செஞ்சாலும் 'ஏதோ ஒண்ணு செய்றா'ம்பாங்க. எனக்குன்னு ஒண்ணு வேணும்னுதான்கா இதைத் தூக்கிட்டு வந்தேன்."

அக்கா எழுந்து, ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து நீட்டினாள்.

"நான் அதை ஒருநாள்கூட ஒழுங்கா வாயில வச்சுப் பார்க்கல" என்றாள். "என்னோடது மாதிரிதான்னு விட்டுட்டேன். கொஞ்சம் கொடு."

தங்கை கொடுத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அது நாக்கில் சில்லென்று குத்தாமல், மெதுவாக, கனமாகக் கரைந்தது. விழுங்கிய பிறகும் வாயில் கொஞ்ச நேரம் நின்றது.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு என்னோடதுதான் பிடிச்சிருக்கு. லேசா, வாயில வச்சதும் ஓடிடணும் எனக்கு. இது வேற."

தங்கை திரும்பிப் பார்த்தாள். இங்கே திரும்பி வந்ததிலிருந்து அவள் முகம் அவ்வளவு தெளிந்திருந்ததில்லை.

"வேறதான்கா" என்றாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து, சந்துப் பக்கச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார். அதற்கு மேல் 'கஸ்டர்ட் – முட்டை சேர்த்தது' என்று பெரிய எழுத்தில் பலகை ஏறியது. கரண்டி, கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனித்தனியாயின. ஊசி கடை வாசலுக்கும் புது ஜன்னலுக்கும் வெயில் மறைக்க வெவ்வேறு நிறத்தில் படுதா தைத்துக் கொடுத்தார். பழையபடி மதியம் வந்து வெனிலா சாப்பிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், கிண்ணத்தைக் கையில் வாங்கும் முன் அக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். "பால்தாண்ணே" என்று அவளும் சலிக்காமல் சொல்வாள்.

ஒரு சாயங்காலம், கையில் குடையோடு ஒரு பெண் அக்காவிடம் வந்து நின்றாள். "இதுக்கும் அந்தப் பக்கம் கொடுக்கிறதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அக்கா வாயைத் திறந்தாள். காற்று, மஞ்சள் கரு, குளிர் எல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சந்துப் பக்கம் காட்டினாள்.

"அதை அவ சொன்னாத்தான் நல்லாயிருக்கும். போய்க் கேளுங்க. நேரம் இருந்தா கேளுங்க, சீக்கிரம் விடமாட்டா."