உட்கார்ந்து ஊத ஒரு பாட்டு

சங்ககிரிப் பக்கத்துத் தேவாலயப் பங்கு ஒன்றின் பிள்ளைகள் பேண்டுக்கு நடந்துகொண்டே ஊதத்தான் தெரியும். தேர்ப்பவனிக்கும் சாவு ஊர்வலத்துக்கும் ஊதிப் பழகிய பிள்ளைகள்.

பேண்டு டீச்சர் ஜோஸ்லினுக்கு ஒரே ஓர் ஆசை. திருவிழா மேடையில் ஒரு பாட்டையாவது பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஊர் வாயை மூடிக் கேட்க வேண்டும். பவனியில் யார் கேட்கிறார்கள்? பின்னால் நடந்தபடி கொழுந்தியாள் கல்யாணத்தைப் பேசுவார்கள். சிறுவயது முதல் அந்தப் பேச்சுகளுக்கு முன்னால் கிளாரினெட் வாசித்தே வளர்ந்தவள் அவள்.

"சொதப்புனா அடுத்த வருசம் சேலத்துப் பாட்டுக் கச்சேரிதானுங்க டீச்சர்." திருவிழாக் கமிட்டித் தலைவர் உபகாரசாமி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒத்திகையில் நாற்காலி போட்டாள். உட்கார்ந்தாலும் கால்கள் நடந்தன. பாட்டு முடிவதற்குள் டிராம்போன் ஜெனிஷ் நாற்காலியோடு சுவரை எட்டியிருந்தான்.

"எங்கடா போற?"

"நான் போவலீங்க டீச்சர். சேருதான் போவுது."

நடுவில் மெல்லிசாக வரவேண்டிய இடம் ஒருநாளும் வரவில்லை. "காலு நின்னா மூச்சும் நின்னுருதுங்க" என்றான் டிரம்பெட் ஜெர்ரி.

"அப்ப தூங்கறப்ப செத்தாடா போற?" என்றாள் பெரிய டிரம் ரஞ்சனி.

திருவிழா வந்தது. மேடைக்கு எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. ஜோஸ்லின் கையைத் தூக்கினாள். பயத்தில் ரஞ்சனி, கை பழகியபடி, டிரம்மில் மூன்று அடி போட்டாள். பவனி கிளம்புவதற்கான அடி.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஊதிக்கொண்டே வரிசையாக மேடையை விட்டு இறங்கினார்கள். அந்த அடிக்குப் பழகிய ஊரும் எழுந்து பின்னால் நடந்தது. முன்வரிசை மரியபுஷ்பம் மெழுகுவத்தியே ஏற்றிவிட்டாள்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஜோஸ்லின் தூக்கிய கையோடு நின்றாள். அழலாமா என்று யோசித்தாள். அழுதாலும் பார்க்க ஆளில்லை. இறங்கி ஓடினாள்.

தெருமுனையில் சிலுவை நட்ட குருசடியில் பேண்டு நின்றது. பவனியில் அங்கே நின்று மெதுவாக வாசிப்பதும், ஊர் மண்டியிடுவதும் வழக்கம். பாட்டிலும் அந்த மெல்லிசான இடம் அப்போதுதான் வந்தது. ஒரு மூச்சும் பிசகவில்லை. மண்டியிட்ட ஊரில் ஒருவரும் பேசவில்லை. கொழுந்தியாள்கள் எல்லாம் எங்கே போனார்களோ! ஜோஸ்லினும் மண்டியிட்டாள். பிள்ளைகள் உட்காரத்தான் இல்லை, ஊர் கேட்கிறது.

உபகாரசாமி மெல்ல நகர்ந்து வந்தார்.

"டீச்சர், அடுத்த வருசம் மேடையே வேண்டாமுங்க. இங்கயே சேரைப் போட்டு..."

"உஸ்ஸ்" என்றாள் ஜோஸ்லின். "பேசாமக் கேளுங்கண்ணா."