ஏறிட்டுப் பார்க்காத பேராசிரியர்

வந்த கோபத்துக்கு அந்தப் பதிவாளரின் மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். விடிந்தால் பரீட்சை. பதிவாளராக இருந்த அந்தப் பாதிரியார் என்னடாவென்றால், "உன் பேர்ல ஒரு நாள்கூட வருகை இல்லையேம்மா" என்கிறார்.

"வருஷம் பூரா வந்தேனே ஃபாதர்!"

"பதிவேட்டுல பசங்க பேரு மட்டும்தான் இருக்கு. பொண்ணுங்க வருவீங்கன்னு யாரு கண்டா? பரீட்சை எழுதணும்னா தொண்ணூறு நாள் வந்திருக்கணும். உங்க பேராசிரியர்கிட்ட அப்படி எழுதி வாங்கிட்டு வா. வேற யார் சொன்னாலும் செல்லாது."

பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். சட்ட வகுப்பில் நான் ஒருத்திதான். பசங்கள் உட்கார்ந்த பிறகு உள்ளே போகவேண்டும். மணி அடிக்குமுன் வெளியேறிவிட வேண்டும். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் எனக்கு ஒரு நாற்காலி. இதற்கே அண்ணன், "ஒரு வருஷம்தான். பாஸ் பண்ணலேன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்துடணும்" என்று கறாராகச் சொல்லித்தான் அனுப்பினார்.

பேராசிரியர் காலி வகுப்பறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் துறவிதான். விஷயத்தைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெண்களை ஏறிட்டுப் பார்க்கிறதில்லைன்னு எனக்கு ஒரு விரதம்மா. முப்பது வருஷமாச்சு. அந்தத் தூண் பக்கம் திரும்பினதே இல்ல. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினா பொய்சாட்சி ஆயிடாதா?"

"ஒப்பந்தச் சட்டம் நடத்தினப்போ ஒரு வாரம் இருமிக்கிட்டே இருந்தீங்களே! நான் வகுப்புல இல்லாமலா இதைச் சொல்றேன்?"

"பசங்க யாராவது சொல்லியிருக்கலாம்."

அட கடவுளே! இந்த மனுஷனோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. "சரி, இப்பவாவது பாருங்க ஃபாதர்! ஒரே ஒரு தடவை! உயிரா போயிடும்?" என்று கத்திவிட்டேன்.

கையிலிருந்த துடைப்பானை மேசைமேல் வைத்தார். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டது அவருக்கு. பெரிய மனசு பண்ணி ஒரு தாளை எடுத்து எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

'இம்மாணவியை வகுப்பறையில் கண்டேன். ஒரு நாள்.'

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை போயிற்று, ஒரு வருஷம் போயிற்று. ஆனால் தாளை நான் கிழிக்கவில்லை.

"விரதம் கலைஞ்சாச்சு ஃபாதர். இனிமே குனியாதீங்க. அண்ணன் வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாலும் திரும்பி வருவேன். மிச்சம் எண்பத்தொன்பது நாளையும் பார்த்தே எழுதுங்க."

முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.