வேலியில் இருந்த மணி

தரையில் கிடப்பதை எடுப்பாள். கட்டியிருப்பதை, தொங்குவதை, சாத்தி வைத்திருப்பதைத் தொடமாட்டாள். ஒட்டுப்படக்காரி தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி இது. பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள், அதுவும் லேசாகக் கண்ணை மூடிக்கொண்டு. விதி பேசுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

வருஷத்தில் இரண்டு மாதம் பழைய வேனில் கிராமம் கிராமமாகச் சுற்றுவாள். ஒற்றைச் செருப்பு, துருப்பிடித்த கீல், கண்ணாடி போன டார்ச், மழையில் ஊறிய நோட்டுப்புத்தக அட்டை என்று பொறுக்கி, கழுவி, துணியும் காகிதமும் மண்ணும் சேர்த்து பிளைவுட் பலகையில் ஒட்டுவாள். வேனை ஓட்டுவது நாத்தனார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவனை அவன் பின்மண்டையைப் பார்த்தே கண்டுபிடிப்பாள் என்று டிப்போவில் பேர் வாங்கியவள். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமைக்கு வேலையில்லாமல் இருந்தது.

கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான். பெரிய பலகை ஒன்று நடுவில் மட்டும் வெறுமையாக இருந்து, ஒரு மாதம் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. எதை வைத்தாலும் ஒட்டாத சம்பந்தம் மாதிரி விலகி நின்றது. நான்கு நாளைக்கு முன்னால்தான் அந்தச் சைக்கிள் மணியின் மூடி கிடைத்தது. வெயிலும் மழையும் தின்று பாதி வெள்ளி, பாதி பழுப்பு. இரண்டு டியூப் பசையைக் கலந்து, மூடியின் உள்பக்கம் முழுக்க ஊற்றி நிரப்பி, பலகையின் நடுவில் கவிழ்த்து அழுத்தினாள். படம் உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே இதுதான் நல்லது என்று அவளுக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கு நாத்தனாரின் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள்.

இன்று காலை, தங்கியிருந்த விடுதி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த நாத்தனார் குனிந்து எதையோ எடுத்தாள். விரல் நீளச் செம்புக் கம்பி. பளபளவென்று இருந்தது.

"அண்ணி, அந்த மணி மூடி கீழ கிடந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"அதுல கோத்திருந்த கம்பியா இது?"

"இருக்கும். எனக்கென்ன ஞாபகம்?"

நாத்தனார் கம்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "மூடி கிழடு. கம்பி புதுசு. அதுவும் அறுந்து விழுந்த கம்பி இல்ல, கட்டிங் பிளேயர்ல வெட்டின கம்பி. நுனியைப் பாருங்க."

ஒட்டுப்படக்காரி பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது?

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு," என்றாள். "வேலியில. அந்த வேலி பூரா டப்பா மூடியும் தகரமுமா கட்டியிருந்தாங்க, காக்கா விரட்டறதுக்கு. ஒண்ணு போனா என்ன, காக்கா என்னைத் தேடி வந்து கேக்கவா போகுது?"

நாத்தனார் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"காக்கா விரட்ட இடுப்பு உயரத்துலயா கட்டுவாங்க?"

ஒட்டுப்படக்காரியும் அதைக் கவனித்திருந்தாள். பத்தடிக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே உயரத்தில்.

"நீங்க பொறுக்கப் போனப்போ நான் வண்டியிலயே இருந்தேன்ல? நீங்க அந்த வேலிகிட்ட வர்றதுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒருத்தரு அந்த வேலியோரமா நடந்து போனாரு. கறுப்புக் கண்ணாடி. கையில குச்சி. வேலியைத் தட்டிக்கிட்டே போனாரு. டக டக டகன்னு தகரச் சத்தம். அப்புறம் ஒரே ஒரு தடவை டிங்னு. உடனே இடது பக்கம் திரும்பிட்டாரு. நான் என்னமோ ஆளு விளையாட்டா தட்டறாருன்னு நெனச்சேன்."

மணிக்கு அப்பால் அந்த வேலி எங்கே போயிற்று என்று ஒட்டுப்படக்காரிக்கு ஞாபகம் வந்தது. இருபது அடி போய், தூண்கள் சாய்ந்து, கல் உடைத்த பள்ளத்தில் முடிந்தது. அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, நிறம் நன்றாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்திருந்தாள்.

"அங்க யாருக்காவது போன் பண்ணிச் சொல்லலாமா?" என்றாள்.

"யாருக்கு? வேலிக்கா?"

மணியைப் பலகையிலிருந்து பெயர்ப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பசை கல்லாக இறுகியிருந்தது. கத்தியும் வெந்நீரும் பலிக்காமல் கடைசியில் உளியை வைத்துத் தட்டியபோது முதல் அடியில் கை நின்றது. பத்து நாளில் கண்காட்சி, இதை விட்டால் நடுப்பகுதி இல்லை, நடுப்பகுதி இல்லாவிட்டால் படமே இல்லை என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காக அவள் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள். இரண்டாவது அடியில் பலகை குறுக்கே பிளந்து மணி கையோடு வந்தது, வயிறு நிறையப் பசையோடு.

நான்கு மணி நேரப் பயணம். வழியில் நாத்தனார் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையாயிடுச்சு அண்ணி." வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

வேலி அப்படியே இருந்தது. அவள் வெட்டிய கம்பியின் மிச்சம் இரண்டு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. பாதையில் ஆள் இல்லை. சத்தம் போடாமல் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒரு ஆசை வந்தது. மனுஷ ஆசைதானே, வரத்தான் செய்யும். புதுக் கம்பியால் கட்டி, குச்சி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

டக்.

இன்னொரு தடவை தட்டினாள். அதே டக். பசை மணியின் குரலைக் குடித்துவிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த டப்பா மூடிகூட இதைவிட நன்றாகக் கத்தியது.

"யாரு அங்க?"

இடது பக்கப் பாதையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஈரத் துணி வாளி. தூக்கமில்லாத முகம். மணி ஒட்டுப்படக்காரியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"இந்த வேலியில ஒரு மணி இருந்துச்சு," என்று அவளாகவே ஆரம்பித்தாள், யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்பது போல. "நாலு நாள் முன்னாடி எந்தப் பாவியோ அறுத்துட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. தகரம்னா நேரா, மணின்னா திரும்பணும். அதான் அவரு கணக்கு. அன்னைக்குச் சாயந்திரம் மணி கேக்கல. நேரா போயிட்டாரு."

"ஐயோ," என்றாள் நாத்தனார். "உயிருக்கு..."

"பள்ளத்துல மேல் படியிலயே விழுந்ததால தப்பிச்சாரு. கால் முறிஞ்சிருக்கு, கட்டுப் போட்டிருக்கு. அதைக்கூடத் தாங்கிக்கலாம்மா. ஆறு மாசமா அவருக்கு ஒரு காது மந்தம். இப்போ, மணி அங்கதான் இருந்துச்சு, எனக்குத்தான் கேக்கலங்கறாரு. கண்ணோட சேர்ந்து காதும் போச்சுங்கறாரு. மணியே இல்லைய்யா, எவனோ எடுத்துட்டான்னா நம்ப மாட்டேங்கறாரு. நான் கட்டின கம்பி அறுந்து விழாது, நீ என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்றேங்கறாரு. நாலு நாளா சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. சாப்பாடு வேண்டாங்கறாரு. கூப்பிட்டா திரும்பறதில்ல. கேக்கலைன்னு வெச்சுக்கோங்கறாரு." அவள் வாளியை மாற்றிப் பிடித்தாள். "ஆமா, நீங்க யாரு?"

வழிப்போக்கர்கள் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் காசு கொடுத்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். டிக்கெட் இல்லாதவன் பையைத் துழாவும்போது எப்படி நிற்பாளோ அப்படி, கோபமில்லாமல், நகராமல்.

"அந்தப் பாவி நான்தாங்க," என்று விலகி மணியைக் காட்டினாள் ஒட்டுப்படக்காரி.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அடிப்பாள் என்று தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் வேலியில் தொங்கிய மணியைப் பிய்த்து எடுத்து இவள் கையில் திணித்து, "எங்கிட்ட எதுக்குச் சொல்றே? உள்ள வா," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

சின்ன அறை. ஜன்னலில் மருந்துப் பாட்டில்கள், கட்டிலடியில் தொட்டுப் பார்க்காத தட்டு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது.

"ஐயா," என்றாள். அவர் அசையவில்லை. சத்தமாகச் சொன்னாள். "ஐயா, வேலியில இருந்த மணியை நான்தான் வெட்டி எடுத்துட்டுப் போனேன். படத்துல ஒட்டறதுக்கு. அழகா இருந்துச்சுன்னு. நீங்க கீழ விழுந்த அன்னைக்கு அந்த இடத்துல மணி இல்ல."

"யாரு இது?" என்று அவர் சுவரிடமே கேட்டார். "எவ்வளவு குடுத்து இவளைக் கூட்டிட்டு வந்தே?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒட்டுப்படக்காரி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்து மணியை அதில் வைத்தாள்.

அவர் விரல்கள் மெதுவாக நகர்ந்தன. விளிம்பில் இருந்த சின்ன நசுங்கலைத் தொட்டன. நின்றன. பிறகு உள்ளே போய் இறுகிய பசையைக் கட்டை விரலால் தேய்த்தன. வழுவழுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று இரண்டு தடவை பார்த்தன.

"இதுக்குள்ள என்னத்தை ஊத்தி வெச்சிருக்கே?"

"பசைங்க. எடுக்க வரல. முயற்சி பண்ணினேன்."

"என் மணிதான்," என்றார். அப்புறம் முதல் தடவையாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். தாடி வளர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேசாதே. தட்டு."

அவள் மணியை வாங்கி, தட்டில் கிடந்த கரண்டியை எடுத்துத் தட்டினாள்.

டக்.

"தள்ளிப் போய்த் தட்டு."

அவள் வாசற்படிக்குப் போய்த் தட்டினாள். பிறகு முற்றத்துக்குப் போய்த் தட்டினாள். நாத்தனாரும் அந்தப் பெண்ணும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"மணியைச் சாகடிச்சுட்டே," என்றார் அவர் உள்ளேயிருந்து. குரல் உடைந்திருந்தது. "ஆனா எனக்குக் கேக்குது. இன்னும் தள்ளிப் போ. இன்னும் தட்டு."