கையை எடுத்தால் ஓட வேண்டும்

மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்று தடவை தோற்றவரை ஜெர்மனியில் எந்தக் கல்லூரியும் அதே படிப்பில் மறுபடி சேர்த்துக்கொள்ளாது. இங்கே ஃப்ளென்ஸ்பர்க்கில் தோற்றுவிட்டு மூனிக்கில் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். இந்த விதியை எழுதிய மகராசன் நன்றாக இருக்கட்டும். அவர் ஒருநாளும் மீன்கடையில் நின்றிருக்க மாட்டார்.

நான் நின்றிருக்கிறேன். துறைமுகத்தில் யெஸ்ஸனின் கடை. ஹெர்ரிங் மீனை முள்ளெடுத்து, வெங்காயத்தோடு ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் வேலை. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் விரல் நாற்றம் போகாது. முப்பதைத் தாண்டியபின் ஒருநாள் மின்னணுவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது யெஸ்ஸன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போ, போ. பெரிய என்ஜினியர் ஆயிட்டு வா, இல்கா. உன் ஏப்ரன் ஆணியிலயே தொங்கட்டும். நீ திரும்பி வர்றதுக்குள்ள தோச்சுகூட வைக்கிறேன்."

அந்த ஏப்ரனுக்குப் பயந்துதான் படித்தேன். மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். டிஜிட்டல் லாஜிக்தான் கழுத்தைப் பிடித்தது. ஒன்று, பூஜ்யம், இவ்வளவுதானே, இதில் என்ன கிழிக்க இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. முதல் தேர்வில், சுற்றைச் சுருக்குவதற்காக வரையும் கார்னோ கட்டத்தின் தலைப்பை 00, 01, 10, 11 என்று நேர்வரிசையில் எழுதித் தொலைத்தேன். பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது ஓர் இலக்கம்தான் மாற வேண்டும், ஆகவே 01க்கு அடுத்து 11தான் வரும். சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அந்த ஒரு வரிசையால் அதற்குப்பின் எழுதியதெல்லாம் குப்பை. இரண்டாவது தேர்வில் வரிசை சரி, ஆனால் பயத்தில் கை ஓடாமல் பாதித்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது தடவை செய்முறைத் தேர்வு. ஏதாவது ஒரு எண்ணும் சுற்று நிச்சயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சிப்களையும் கம்பிகளையும் கொண்டு பிரெட்போர்டு என்ற துளைப்பலகையில் அதைக் கட்டி முடித்ததும், பேராசிரியை ஹாகெமைஸ்டர் மேசைக்கு வந்து, "கையை எடுங்க" என்பார். தரையில் உள்ள மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். சுற்று தானாக ஓட வேண்டும். ஓடினால் தேர்ச்சி. ஓடாவிட்டால் மறுபடி தொட அனுமதி இல்லை.

கூடப் படித்த டோர்பென்தான் எனக்குத் துணை. என்னைவிட மிகவும் சின்னவன், அவனுக்கு அது முதல் தடவை. டிவி ரிப்பேர் பார்த்த அவன் சித்தப்பா ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய சிப்களை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு தினமும் மாலையில் என் சமையலறைக்கு வந்துவிடுவான்.

"பிரி. மறுபடி கட்டு."

"டேய், இப்பத்தானேடா ஓடிச்சு?"

"ஓடிச்சு. தூக்கத்துல கட்டினாலும் ஓடணும்."

"தூக்கம் வந்தாத்தானே?"

"அதான் சொல்றேன், கட்டு. மீன்காரி மாதிரி சிப்பைக் கவுத்துப் போடாத."

மேசைத்துணியால் அவன் தலையில் ஒன்று போட்டேன். ஆனாலும் கட்டினேன். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும் சுற்று. எண்ணும் சிப்பின் இரண்டு பக்கமும் உலோகக் கால்கள் வரிசையாக இருக்கும், மூலையில் ஒரு கால் உண்டு. அதில் மின்சாரம் இருந்தால் அது ஒன்று, சிப் எண்ணும்; பூஜ்யம் வந்தால் எண்ணிக்கை அந்த நொடியே அழிந்துவிடும். எங்கள் சுற்றில் அதற்கு வேலையே இல்லை, ஒன்பதைத் தாண்டாமல் திருப்பும் பொறுப்பை வேறொரு கால் பார்த்துக்கொண்டது. வேலையில்லாத கால்தானே என்று அதை எதிலும் சேர்க்காமல் விட்டோம். சுற்று ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஓடியது. கடைசி வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்கு வந்துவிட்டேன். படிக்க வந்தபின் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

தேர்வு நாளன்று காலையிலிருந்து மழை. ஆய்வகத்தில் எனக்கு ஜன்னலோர மேசை, பக்கத்து மேசையில் டோர்பென். கேள்வித்தாளைத் திருப்பினேன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்ணும் சுற்று. அதேதான்! டோர்பென் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கை வியர்த்துக் கொட்டியது. போர்டு மேசையில் வழுக்கிக்கொண்டே இருந்ததால், சிப்பின் ஓரத்தை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கம்பிகளைச் செருகினேன். கை தானாக வேலை செய்தது. மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு எண்கள் வரிசையாக வந்தன. ஏழு, எட்டு, ஒன்பது, பூஜ்யம். மறுபடி ஒன்று. எல்லோருக்கும் முன்பாக நான் வலக்கையைத் தூக்கினேன். ஆயுளில் முதல் தடவையாக நான் முதல்!

ஹாகெமைஸ்டர் வந்தார். எனக்கு இது கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரியும். போர்டைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நல்ல மனுஷி.

"அழகா ஓடுதே. சரி, கையை எடுங்க."

கட்டைவிரலை எடுத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் போனேன். மூன்று. நான்கு. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். பூஜ்யம். இரண்டு. பூஜ்யம். பிறகு பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது.

விரலைப் பார்த்தேன். ஈரமான தோலில் சிப்பின் கால்கள் பதிந்த தடம், இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. மூலைக் காலுக்கு நேரெதிரே இருப்பது மின்சாரம் வரும் கால். இரண்டையும் என் வியர்வைதான் சேர்த்துவைத்திருந்தது. கட்ட மறந்த கம்பியாக என் விரலே இருந்திருக்கிறது.

எதிலும் சேர்க்காத காலைப் பூஜ்யம் என்றும் நம்பக் கூடாது, ஒன்று என்றும் நம்பக் கூடாது என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். ஆனால் டோர்பெனின் சித்தப்பா காலத்துச் சிப்கள் வேறு ரகம், அவற்றில் சும்மா விட்ட கால் தானாகவே ஒன்று என்று நின்றுகொள்ளும். என் தப்பை அவை தினமும் மூடி மறைத்தன. கல்லூரிச் சிப்கள் புது ரகம், அவற்றில் சும்மா விட்ட கால் பக்கத்தில் ஆள் நடந்தாலே மாறும்.

"மேடம், அந்த மூலைக் கால்! பிளஸ்ல சேர்க்காம விட்டுட்டேன்."

"ஆமா."

"ஒரே ஒரு கம்பி மேடம். ஒரு செகண்ட் விடுங்க, செருகிடறேன்."

"கோட்டைத் தாண்டாதீங்க, இல்கா." அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"என்ன தப்புன்னு கரெக்டா சொல்லிட்டேனே மேடம். தெரியாதவளா நான்?"

"தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா ஓடலையே."

பக்கத்து மேசையில் டோர்பெனின் கை மெல்ல நகர்ந்தது. ஆய்வகத்தில் கொடுத்திருந்த கம்பிகளிலிருந்து ஒரு சின்னச் சிவப்புக் கம்பியை எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. தன் போர்டில், சிப்பின் மூலையில், அதைச் செருகினான்.

வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான், கண்ணெல்லாம் சிவந்து.

"பாஸாடா?"

"பாஸ். இல்கா, நீ சொன்னது காதுல விழுந்துச்சு, அதனாலதான் நான்..."

"வாயை மூடு. போ. நல்லா இரு."

அவனை அந்த நிமிஷம் வெறுத்தேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதற்காக இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில், முந்தின நாள் கட்டிய போர்டு அப்படியே கிடந்தது. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்விட்சைப் போட்டேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு. கையை எடுத்தேன். கதவுவரை பின்னால் போய் நின்றேன். ஒன்பதுக்குப் பின் பூஜ்யம், மறுபடி ஒன்று. மூலைக் காலில் கம்பி இல்லை. ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பாவி, ஒருதடவை, ஒரே ஒருதடவை இங்கே நின்று போயிருக்கக் கூடாதா என்று அதைப் பார்த்துக் கத்தினேன்.

பிறகு யெஸ்ஸனுக்குப் போன் செய்தேன். தள்ளிப்போட்டு என்ன ஆகப்போகிறது?

"நான்தான், இல்கா. ஏப்ரன் ஆணியிலதானே இருக்கு?"

சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

"இருக்கும்மா," என்றார் யெஸ்ஸன். "தோச்சு வைக்கிறேன். காலைல வா."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேசையில் அது எண்ணிக்கொண்டே இருந்தது.