கடைசி பெஞ்சு மேடம்

வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர்கள் புதிய முறைப்படி பாடம் நடத்துகிறார்களா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் கடைசி பெஞ்சு மேடம். படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள். அதைத் தயாரித்த குழுவில் அவரும் இருந்தார். அதற்கு முன் பதினோரு வருஷம் பாடம் நடத்தியவர்.

அவர் நுழைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு அறுந்துவிடும். டீ தனியாக வரும். சாப்பாட்டையும் தலைமையாசிரியை அறையின் ஓரத்தில் தனியாகத்தான் பிரிப்பார். ஏட்டுச் சுரைக்காய் என்று அந்தப் படிவத்தை யாராவது முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் "ரொம்ப உபயோகமா இருக்கு மேடம்" என்றார்கள்.

அன்று ஆறாம் வகுப்பில் பின்னம். கணக்கு வாத்தியார் பிள்ளைகளை வட்டம் வட்டமாக உட்கார வைத்து, வண்ணக் காகிதத்தை வெட்டச் சொல்லியிருந்தார். ஒத்திகை பார்த்ததுபோல் எல்லாம் கச்சிதம். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் முன்னாலிருந்த பெண் "நாலில் ஒரு பங்கு சார்" என்று எழுந்துவிட்டாள். வாத்தியார் காது சிவந்தது. மேடம் குனிந்து, 'மாணவர் பங்கேற்பு' கட்டத்தில் டிக் போட்டார்.

மணி அடிக்கும் முன்பே, பாதி வகுப்பிலேயே நன்றி சொல்லி வெளியே வந்தார். படிவத்தில் முத்திரை வைக்கத் தலைமையாசிரியை இல்லை. கிளார்க் அவரைப் பக்கத்து நூலக அறையில் உட்காரச் சொன்னார். அதற்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

அந்தப் பக்கம் பெஞ்சுகள் இழுபடும் சத்தம். "சரி, இப்ப பாடத்துக்கு வருவோம்" என்றார் வாத்தியார்.

"சார், மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" ஒரு பையன்.

"நீ என்ன நினைக்கிற?"

"நாலுல ஒண்ணு. நாலுதானே பெருசு?"

வகுப்பு சிரித்தது.

"சிரிக்காதீங்க. போன வாரம் நீங்களும் இதையேதான் சொன்னீங்க. டேய், உங்க வீட்ல ஒரே போர்வையை மூணு பேர் போத்துறீங்க. நாலாவதா உங்க மாமா வந்து படுத்துட்டா?"

பையன் யோசித்தான். "என் கால் வெளிய வந்துடும் சார்."

இந்த முறை வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். "அவ்வளவுதான். ஆள் கூடுனா பங்கு குறையும். எழுதிக்கோ."

நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மேடமும் சிரித்துவிட்டார். இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் எந்த வகுப்பிலும் இப்படி ஒரு சிரிப்பு அவர் காதில் விழவில்லை. கால் தானாக அந்த வகுப்பை நோக்கி நடந்தது.

வாசலில் அவரைப் பார்த்ததும் முப்பத்தெட்டு பேரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் முகம் சுண்டிப்போனது.

"ஏதாவது விட்டுப்போச்சா மேடம்?"

"இல்ல சார். அந்தப் போர்வை நல்லா இருந்துச்சு."

"மன்னிச்சுக்கங்க மேடம். வட்டமா உட்கார்ந்தா பாதிப் பேருக்கு போர்டு தெரியல, அதனாலதான் பெஞ்சை..."

"நான் குறை சொல்ல வரல. ஃபார்ம் இல்லாம கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

மாட்டேன் என்று வாத்தியாரால் எப்படிச் சொல்ல முடியும்? மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லா முதுகும் நிமிர்ந்தன. கேள்வி கேட்ட பையன் வாயே திறக்கவில்லை. வாத்தியார் வண்ணக் காகிதத்தைத் திரும்ப எடுத்தார். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேடம் எழுந்துகொண்டார். அவர் படியிறங்கும்வரை உள்ளே சத்தமில்லை.

அலுவலகத்தில், போர்வைக் கணக்கை அப்படியே அறிக்கையின் அடியில் எழுதிக் கொடுத்தார். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இது எந்தக் கட்டத்துல வரும் மேடம்?"

"எதுலயும் வராது சார்."

"அப்ப எடுத்துடுங்க. வட்டமா உட்காரலன்னு தெரிஞ்சா அந்த வாத்தியாருக்குத்தான் சிக்கல்."

அது உண்மை. மேடம் அந்த வரிகளை அடித்துவிட்டார். பிறகு, நின்றபடியே கேட்டார்: "என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்ப முடியுமா சார்? ஆறாவதோ ஏழாவதோ, எதுவானாலும் சரி."

அதிகாரி வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். "மேல ஏறினவங்க யாராவது இறங்கக் கேப்பாங்களா மேடம்? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்ல யாரும் இல்ல சார்" என்றார் மேடம்.

அதிகாரி அடுத்த வாரத்துப் பள்ளிகளின் பட்டியலை எடுத்து நீட்டினார்.